ஃபேல் ஆனவர்களுக்கு முன்னுரிமை

டெல்லியிலிருந்து லேவுக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான். இறங்கி நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. 3,500 மீட்டர் உயரத்தில் காற்றில் கிடைக்கும் ஆக்சிஜன், நம் ஊர்க் கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். "இரண்டு நாள் படுத்துக் கிடங்கள், நிறையத் தண்ணீர் குடியுங்கள், குளிக்காதீர்கள்" என்று பார்க்கிறவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பிப்ரவரிக் கடைசியில், வெளியே மைனஸ் டிகிரியில், குளிக்காதே என்று ஒருவர் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

லடாக்குக்கு ஜூனிலிருந்து செப்டம்பருக்குள் போவதுதான் வழக்கம். பாங்கோங் ஏரி, கர்துங்லா கணவாய், மோட்டார் பைக், போட்டோ. எனக்கு அந்தப் பட்டியலில் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் நான் பார்க்கப் போனது கடுங்குளிரில் அடுப்போ ஹீட்டரோ இல்லாமல் இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தை. அதைக் கோடையில் போய்ப் பார்த்து என்ன செய்ய?

குளிர்காலத்தில் லேயில் பெரும்பாலான ஓட்டல்கள் பூட்டியிருக்கும். குழாயில் தண்ணீர் உறைந்து பைப் வெடித்துவிடும் என்பதால் இணைப்பையே நிறுத்திவிடுகிறார்கள். நான் தங்கியது ஒரு வீட்டில். வீட்டுக்கார அம்மாளை எல்லோரும் போல நானும் 'அமாலே' என்றே கூப்பிட்டேன். அவர் காலையில் ஒரு வாளி வெந்நீர் தருவார். முகம், பல், கை, கால் எல்லாம் அதற்குள். கழிப்பறை மாடியில். தரையில் ஒரு துளை, மூலையில் குவித்து வைத்த மண், ஒரு மண்வெட்டி. போன பின் இரண்டு வெட்டு மண்ணைத் தள்ளிவிட வேண்டும், அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நாற்றமும் கிடையாது. கீழே உள்ள அறையில் சேர்வது மக்கி, வசந்த காலத்தில் பார்லி வயலுக்கு எருவாகப் போகிறது.

"போன வருஷம் பக்கத்து வீட்டில் டூரிஸ்டுகளுக்காக ஃபிளஷ் வைத்தார்கள். இப்போது வயலுக்கு யூரியா வாங்குகிறார்கள்" என்றார் அமாலே. குறை சொல்கிற குரல் இல்லை. தகவல் சொல்கிற குரல்தான்.

லேயில் ஒரு வருடத்துக்குப் பெய்கிற மொத்த மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டர். சென்னையில் ஐப்பசியில் ஒரு நல்ல புயல் ஒரே நாளில் கொட்டிவிட்டுப் போகிற அளவு. அங்கே விளைகிற ஒவ்வொரு பார்லிக் கதிரும் மலை உச்சியில் பனியாக இருந்து உருகி வந்த தண்ணீரில் விளைந்தது.

பள்ளிக்குப் போக டாக்சி பிடித்தபோது டிரைவர் உற்சாகமாக, "ராஞ்சோ ஸ்கூலா?" என்றார். '3 இடியட்ஸ்' படம் 2009-இல் வந்த பிறகு லடாக் வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது அந்தப் பள்ளியைத்தான். தமிழில் 'நண்பன்' பார்த்தவர்களுக்கும் கதை தெரியும். படத்தில் காட்டியது ஷே கிராமத்தில் உள்ள வேறொரு பள்ளி. படத்தின் நாயகனுக்கு ஓரளவு முன்மாதிரி என்று சொல்லப்படும் சோனம் வாங்சுக் நண்பர்களோடு தொடங்கியது, லேவுக்கு மேற்கே சிந்து நதிக் கரையில் ஃபே கிராமத்துப் பக்கம் இருக்கிறது. "செக்மோல்" என்றேன். டிரைவர் முகம் மாறியது. "என் தங்கை அங்கேதான் படித்தாள்" என்றார். அதன் பிறகு வண்டியில் பேச்சு நிற்கவில்லை.

விமான நிலையத்தைத் தாண்டி, ஸ்பிதுக் மடத்தைத் தாண்டி, ராணுவ முகாம்களைத் தாண்டிப் போனால் சாலை இறங்குகிறது. இரண்டு பக்கமும் ஒரு புல்கூட இல்லாத பழுப்பு மலை. கீழே சிந்து. ஓரங்கள் உறைந்து, நடுவில் மட்டும் பச்சையாக ஓடுகிறது. இந்தியா என்கிற பெயருக்கே காரணமான நதி அது. அதன் அகலம் அந்த இடத்தில் நம் ஊர் வாய்க்காலைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

கதை 1988-இல் தொடங்குகிறது. ஸ்ரீநகரில் பொறியியல் முடித்துவிட்டு ஊர் திரும்பிய வாங்சுக்கும் அவரைப் போன்ற சில இளைஞர்களும் 'லடாக் மாணவர் கல்வி, பண்பாட்டு இயக்கம்' என்று ஓர் அமைப்பை ஆரம்பித்தார்கள். அதன் ஆங்கில முதலெழுத்துகள்தான் செக்மோல். காரணம் ஒரே ஒரு புள்ளிவிவரம். லடாக்கில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிய அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து பேர்தான் தேறினார்கள். மீதி 95 பேரும் மக்கா? வீட்டில் லடாக்கி பேசுகிற பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு வரை உருது வழிப் பாடம், ஒன்பதாவதில் திடீரென்று எல்லாம் ஆங்கிலம். பாடப் புத்தகம் டெல்லியிலிருந்து வரும். அதில் கப்பல், யானை, தென்னை மரம், பருவமழை.

தென்னை மரம் நம்முடையது. அது 3,500 மீட்டர் ஏறிப் போய் ஒரு மலைப் பிள்ளையை ஃபேல் ஆக்கியிருக்கிறது. பதிலுக்கு நமக்கு என்ன வந்தது? தூத்துக்குடி வெயிலில் எல்கேஜி பிள்ளை 'ஐ' என்றால் பனிவீடு என்று படிக்கிறது. வானம் பார்த்த பூமியில் நின்றுகொண்டு, மழையைப் போ போ என்று விரட்டுகிற ஆங்கிலப் பாட்டைக் கைதட்டிப் பாடுகிறது.

1994-இல் அரசையும் கிராமத்தாரையும் சேர்த்துக்கொண்டு 'புதிய நம்பிக்கை' என்ற பெயரில் பள்ளிச் சீர்திருத்தம் தொடங்கியது. கிராமக் கல்விக் குழுக்கள், ஆசிரியர் பயிற்சி, லடாக்கை வைத்து எழுதிய பாடநூல்கள். 2015-இல் தேர்ச்சி 75 சதவீதம் என்று கணக்கு சொல்கிறார்கள். அது பெரிய கதை. ஆனால் அதற்கு முன்பே தோற்றுவிட்ட பிள்ளைகள் என்ன ஆவார்கள்? அவர்களுக்காக எழுந்ததுதான் ஃபே வளாகம். பத்தாம் வகுப்பில் தோற்றவர்களுக்கு, அதிலும் தூரத்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு, இங்கே முன்னுரிமை. நம் ஊரில் மாவட்ட முதல் மாணவி போட்டோவை ஃபிளெக்ஸ் அடித்து வாசலில் கட்டுகிற பள்ளிகளை நினைத்துக்கொண்டேன்.

வாசலில் யாரும் வரவேற்கவில்லை, எல்லோருக்கும் வேலை இருந்தது. பதினெட்டு வயது மதிக்கத்தக்க ஒரு பையன் கையில் துடைப்பத்தோடு கூரையிலிருந்து இறங்கி வந்து, "ஜூலே" என்று கும்பிட்டு, ஒரு நிமிடம் என்றான். சோலார் தகடுகளில் விழுந்திருந்த பனியைத் தள்ளிக்கொண்டிருந்தானாம். "இது முடியாமல் வந்தால் இன்று ராத்திரி எல்லோரும் என்னைத் திட்டுவார்கள்." இரண்டு மாதத்துக்கு அவன்தான் மின்சாரப் பொறுப்பு. அங்கே மாணவர்கள் தங்களுக்குள் தேர்தல் நடத்திப் பொறுப்புகளைப் பிரித்துக்கொள்கிறார்கள். மின்சாரம், தண்ணீர், அடுப்படி, மாடு, தோட்டம், விருந்தினர். இரண்டு மாதம் கழித்துப் பொறுப்பு மாறும். சின்ன நாடு ஒன்றை நடத்துகிற மாதிரிதான்.

பிறகு அவன் என்னை உள்ளே கூட்டிப் போனான். கதவைத் திறந்ததும் என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், நீளமான அறை, மண் சுவர், தெற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். ஸ்வெட்டர் மட்டும் போட்ட பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நான் மூன்று சட்டைக்கு மேல் ஜாக்கெட்டும் குல்லாவுமாக நின்றேன். நான் தங்கிய வீட்டில் புகாரி என்கிற இரும்பு அடுப்பு சாணியும் விறகுமாக நாள் முழுக்க எரிந்தும் அதை விட்டு இரண்டடி தள்ளினால் கால் மரத்துப்போகும். இங்கே அடுப்பைத் தேடினேன். இல்லை. சுவரில் தெர்மாமீட்டர் 14 காட்டியது. வெளியே தொங்கியதில் மைனஸ் 11. காலையில் மைனஸ் 16 இருந்தது என்றான் பையன்.

எப்படி என்று கேட்டேன். அவன் என்னைத் திரும்ப வெளியே இழுத்துக்கொண்டு போனான். மண்ணில் ஒரு குச்சியை நட்டான். "டிசம்பர் 21 நண்பகலில் இங்கே சூரியன் 32 டிகிரி உயரத்தில்தான் இருக்கும். ஜூன் 21-இல் 79 டிகிரி." குச்சியின் நிழலைக் காலால் கோடு இழுத்தான். "குளிர்காலத்தில் வெயில் சாய்ந்து வரும். ஜன்னல் வழியாக அறையின் கடைசிச் சுவர் வரை போய்விடும். கோடையில் தலைக்கு மேலே நிற்கும். கூரையின் இந்த நீட்டம் அதை மறித்துவிடும். அதனால் ஒரே ஜன்னல் குளிரில் வெயிலை வாங்கும், கோடையில் வாங்காது." பகலில் சூடு குடித்த தடித்த மண் சுவர் இரவில் அதைத் திருப்பித் தருகிறது. வெளிச்சுவர்களிலும் கூரையிலும் வைக்கோல், மரத்தூள் திணித்துச் சூடு வெளியேறாமல் தடுத்திருக்கிறார்கள். வடக்குப் பக்கம் பூமிக்குள் புதைந்த மாதிரி. குளிர்காலத்தில் மட்டும் தெற்குச் சுவருக்கு முன்னால் பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டுகிறார்கள். அது சூடு பிடிக்கும், உள்ளே கீரையும் வளரும். ஏப்ரல் கடைசியில் சுருட்டி வைத்துவிடுவார்கள்.

"கணக்கில் நீ எவ்வளவு வாங்கினாய்?" என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம், ஆனால் அவனுக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை. "இரண்டு தடவை ஃபேல்" என்றான். "கோணம் அப்போதும் பாடத்தில் இருந்தது. எதற்கு என்றுதான் யாரும் சொல்லவில்லை."

இந்தக் கட்டடங்களை எழுப்பியதிலும் மாணவர்கள் கை உண்டு. மரப்பலகைகளுக்கு நடுவே ஈர மண்ணைக் கொட்டி இடித்து இறுக்குகிற முறை. லடாக்கின் பழைய மடங்களும் அரண்மனையும் மண்ணாலும் கல்லாலும் ஆனவை. லே நகரில் இப்போது எழுகிற வீடுகளோ கான்கிரீட். கான்கிரீட் குளிரை வாங்கி வைத்துக்கொள்ளும், அதை விரட்ட மண்ணெண்ணெய் எரிக்க வேண்டும். மண்ணெண்ணெய் லாரியில் பல கணவாய்களைத் தாண்டி வர வேண்டும். இதையும் அந்தப் பையன்தான் சொன்னான், ஒரு லிட்டர் என்ன விலை என்பது உட்பட.

அடுப்படியில் வேறொரு வித்தை. வெளியே ஆள் உயரத்துக்கு மேல் வளைந்த சட்டத்தில் கைக்குட்டையளவு கண்ணாடித் துண்டுகளை வரிசையாக ஒட்டியிருக்கிறார்கள். அது வெயிலைத் திரட்டி அடுப்படிக்குள் பாத்திரத்துக்கு அடியில் பாய்ச்சுகிறது. சமையல் பொறுப்பில் இருந்த பெண் ஒரு காய்ந்த குச்சியை அந்த ஒளியில் நீட்டினாள். சட்டென்று புகைந்து பற்றிக்கொண்டது. வெளியே என் தண்ணீர் பாட்டில் உறைந்து கிடக்க, உள்ளே அதே வெயிலில் பருப்பு கொதித்தது. மேகம் மூடினால்தான் கேஸ். "காலை ஒன்பதுக்கு முன்னால் அரிசி போட மாட்டோம். வெயில் ஏறின பிறகுதான் எல்லாம். மதியத்துக்குள் ராத்திரிச் சாப்பாட்டையும் முடித்து மூடி வைத்துவிட்டால் கேஸ் மிச்சம்" என்றாள். கணவாய் தாண்டி வருகிற சிலிண்டரின் கணக்கும் அவள் நோட்டில் இருந்தது. போன மாதத்தைவிட இந்த மாதம் குறைத்துவிட்டதில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. மதியச் சாப்பாடு சோறு, பருப்பு, கீரை. கூடவே கம்பீர் என்கிற தடித்த ரொட்டி. வெண்ணெயும் உப்பும் போட்ட தேநீரை இரண்டாவது கோப்பை கேட்கிற அளவுக்கு நான் பழகவில்லை. குளிருக்கு அதுதான் சரி என்று மட்டும் உடம்புக்குப் புரிந்தது.

சாயங்காலம் கூட்டம். ஒவ்வொரு பொறுப்பாளரும் எழுந்து இரண்டு நிமிடம் பேசுகிறார்கள். தண்ணீர் எவ்வளவு ஏற்றினோம், பேட்டரி எவ்வளவு இருக்கிறது, மாடு எவ்வளவு கறந்தது. யாரோ ஓர் அறையில் விளக்கை அணைக்காமல் போயிருக்கிறார்கள். சோலார் பையன் அதைச் சொன்னபோது பெயர் சொல்லவில்லை. ஆனால் பின் வரிசையில் ஒரு பையன் காது சிவந்தது. தண்டனை கிடையாது. இரவில் வெளிச்சம் பத்து நிமிடம் முன்னதாகக் குறையும், எல்லோருக்கும். அதைவிடப் பெரிய தண்டனை என்ன இருக்கிறது?

அடுத்து ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி. வெளியூரிலிருந்து வருகிற தன்னார்வலர்களும் விருந்தாளிகளும் ஆளுக்கு நாலைந்து மாணவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். என் குழுவில் சன்ஸ்காரிலிருந்து வந்த ஒரு பெண். கடல் எப்படி இருக்கும் என்று கேட்பாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது, "உங்கள் ஊரில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"

சென்னைக்கு 235 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற வீராணம் ஏரியிலிருந்து வருகிறது, ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நீர் வருகிறது, மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்குகிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். 2019 கோடையில் நகரத்து ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்ததைச் சொன்னபோது மற்றப் பிள்ளைகளும் நெருங்கி உட்கார்ந்தார்கள். ரயிலையே பார்க்காதவர்கள். ரயிலில் தண்ணீர் பயணம் செய்வது அவர்களுக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது.

அவள் சிரிக்கவில்லை. "இவ்வளவையும் யார் பங்கு வைப்பார்?" என்றாள். அவள் கிராமத்தில் அதற்கு ஓர் ஆள் உண்டு, சுர்பொன் என்று பெயர். எந்த வயலுக்கு என்றைக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்பதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும். ஊர் கூடி நியமிக்கும். போன வருஷம் அவள் அப்பா. "அந்த வருஷம் முழுக்க அப்பாவுக்கு நண்பர்களே இல்லை" என்றாள். மதுரை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய்களில் மடை திறந்து தண்ணீர் பிரித்துவிடுகிற நீர்க்கட்டிகளைப் பற்றிச் சொன்னேன். பல ஊரில் இன்று அந்த வேலைக்கு ஆள் இல்லை, கண்மாயில் தண்ணீரும் இல்லை என்பதையும் சொன்னேன். அவளுக்குச் சட்டென்று ஒரு நெருக்கம் வந்துவிட்டது. மறுநாள் ஐஸ் ஸ்தூபிக்கு என்னைக் கூட்டிப் போவதாக அவளே முடிவு செய்தாள்.

ஐஸ் ஸ்தூபியைப் படத்தில் பார்ப்பதும் அதன் அடியில் போய் நிற்பதும் வேறு. செடி கொடி இல்லாத பள்ளத்தாக்கின் நடுவில் நாலு மாடி உயரத்தில் ஒரு வெள்ளைக் கூம்பு. கிட்டப் போனால் வெள்ளையில்லை, உள்ளிருந்து நீலம் கசிகிறது. அடியில் குகை மாதிரி ஒரு வாசல். உள்ளே குனிந்து போனால் தலைக்கு மேல் ஆயிரம் ஐஸ் விழுதுகள். எங்கோ ஒரு குழாய் 'சொய்ங்' என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. உச்சியிலிருந்து தண்ணீர் தூவானமாகப் பறந்து, விழும்போதே உறைந்து, கூம்பின் மேல் ஒட்டியது. மலை வளர்வதை ஒருவர் கண்ணால் பார்க்க முடியும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

விஷயம் இதுதான். லடாக் விவசாயிக்குத் தண்ணீர் வேண்டியது ஏப்ரல், மே மாதங்களில், விதைக்கிற நேரத்தில். உயரத்துப் பனியாறுகள் ஜூனில்தான் நன்றாக உருகத் தொடங்கும். குளிர்காலம் முழுக்க ஓடைத் தண்ணீர் யாருக்கும் பயன்படாமல் சிந்துவுக்குப் போய்விடும். அதைப் பிடித்து வைக்க வழி தேடியவர்களில் முன்னோடி, லேயைச் சேர்ந்த பொறியாளர் செவாங் நோர்பெல். 1980-களின் கடைசியிலிருந்து மலைச்சரிவின் நிழல் பகுதிகளில் தண்ணீரைத் தேக்கி உறையவைத்துச் செயற்கைப் பனியாறுகளை உண்டாக்கினார். 2015-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவருடைய முறைக்கு அதிக உயரமும் நிழலும் வேண்டும். ஒரு மே மாதத்தில் பாலத்துக்கு அடியில் கரையாமல் கிடந்த ஐஸைப் பார்த்த வாங்சுக், அதைக் கரைப்பது காற்றின் வெப்பத்தைவிட நேர் வெயில்தான் என்று கணக்குப் போட்டார். அப்படியானால் ஐஸைப் பரப்பாமல் உயரமாகக் குவித்தால் வெயில் படுகிற பரப்பு குறையும். அதற்குக் கூம்பு.

மோட்டார் கிடையாது. ஓடையின் மேட்டுப் பகுதியிலிருந்து பூமிக்கடியில் குழாய் வருகிறது. தண்ணீர் தன் மட்டத்தைத் தேடி ஏறும் என்பது ஆறாம் வகுப்புப் பாடம். செங்குத்தாக நிறுத்திய குழாயில் அதுவே ஏறி, உச்சியில் தெறித்து, மைனஸ் 20 டிகிரி இரவில் உறைகிறது. 2013-இல் மாணவர்கள் ஃபே வளாகத்தில் கட்டிய முதல் மாதிரி, ஒன்றரை லட்சம் லிட்டர் தண்ணீர் பிடித்தது. மே நடுப்பகுதி வரை தாக்குப்பிடித்தது. மறுவருடக் குளிர்காலத்தில் ஃபியாங் கிராமத்தில் எழுந்தது 64 அடி உயரம். ஜூலைத் தொடக்கம் வரை கரையவில்லை. அந்தத் தண்ணீரில் மடத்துத் துறவிகளும் ஊர்க்காரர்களும் பாலைமண்ணில் மரக்கன்றுகள் நட்டார்கள்.

இவ்வளவு எளிதா என்றால், இல்லை. "குழாய் உறைந்துவிடும்" என்றாள் சன்ஸ்கார்ப் பெண். "தண்ணீர் ஒரு பத்து நிமிடம் நின்றால் போதும், மொத்தக் குழாயும் போச்சு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்க்க வேண்டும். போன மாதம் என் முறை." கையுறையைக் கழற்றி விரல் நுனிகளைக் காட்டினாள். தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது. பதினேழு வயதுப் பெண், நட்ட நடு ராத்திரி, மைனஸ் 20-இல், கீழ்க்கிராமத்துக்கு மே மாதத்தில் கிடைக்க வேண்டிய தண்ணீருக்காகக் குழாயைத் தட்டிப் பார்த்திருக்கிறாள். நிலைத்த வளர்ச்சி என்று ஐக்கிய நாடுகள் சபை 2015-இல் 17 இலக்குகளை அறிவித்து, எல்லா மொழியிலும் வண்ண வண்ணமாக அச்சிட்டிருக்கிறது. அதை அவள் படித்திருப்பாளா என்று தெரியாது, நான் கேட்கவும் இல்லை.

நம்மிடமும் சட்டமும் பாடமும் இருக்கின்றன. சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பள்ளியில் பாடம் இருக்கிறது, கல்லூரியில் தாள் இருக்கிறது, தேசிய பசுமைப்படை இருக்கிறது. ஓசோன் படலம் பற்றி ஐந்து மதிப்பெண் கேள்விக்கு நம் பிள்ளைகள் தலைப்புப் போட்டு, அடிக்கோடிட்டு, படம் வரைந்து எழுதுவார்கள். அதே பிள்ளையிடம் உன் பள்ளிக்கூடத்துத் தொட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டால் தெரியாது. ஆசிரியருக்கும் தெரியாது. வாட்ச்மேனுக்குத் தெரியும். ஜூன் 5 வந்தால் ஆளுக்கொரு கன்று நடுகிறோம். கத்திரி முடிந்த கையோடு, வடகிழக்குப் பருவமழைக்கு நாலு மாதம் இருக்கும்போது. நட்டவன் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். அடுத்த வருடம் அதே குழியில் அடுத்த கன்று.

ஃபேயை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. அங்கே குளிர், இங்கே வெயில். அவர்கள் சூட்டை உள்ளே அழைக்க வேண்டும், நாம் வெளியே நிறுத்த வேண்டும். அதைவிட முக்கியம், அது சின்ன இடம். நன்கொடையும் தன்னார்வலர்களும் தாங்குகிற இடம். அங்கே படித்து வெளியே வருகிற பிள்ளையை லே நகரம் கான்கிரீட்டோடும் ஃபிளஷ் கழிப்பறையோடும் வரவேற்கிறது. 2011 கணக்கெடுப்பில் மொத்த லடாக்குக்கும் மக்கள் தொகை 2,74,000 சொச்சம். 2022-இல் வந்த சுற்றுலாப் பயணிகள் ஐந்து லட்சத்துக்கு மேல். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவகையில் சேர்த்திதான். ஐஸ் ஸ்தூபியும் பனியாற்றுக்கு மாற்றாகிவிடாது. மேலே பனி சுருங்கினால் கீழே ஓடையே இருக்காது, எதை உறையவைப்பது? இதை அங்கே இருப்பவர்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். வாங்சுக் பிற்பாடு லடாக்கின் நிலத்தையும் உரிமையையும் காக்கவென்று 2024 மார்ச்சில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்ததும், 2025 செப்டம்பரில் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் கைதானதும் தனிக் கட்டுரைக்கான சங்கதி.

நான் அங்கே பார்த்ததில் பெயர்த்துக் கொண்டுவரக்கூடியது மண் சுவரும் இல்லை, ஐஸும் இல்லை. சாவிக்கொத்து. பேட்டரி அறைச் சாவி, தண்ணீர் வால்வு, அடுப்படி நோட்டு எல்லாம் தேர்வில் தோற்ற பிள்ளைகளின் கையில் இருக்கின்றன. அவர்கள் தவறவிட்டால் அன்றிரவு இருட்டு, அன்று மதியம் பாதி வெந்த பருப்பு. பெரியவர்கள் பக்கத்தில் இருக்கிறார்கள், ஆனால் ஓடிவந்து கையிலிருந்து பிடுங்குவதில்லை. நமக்கு அதுதான் வராது. 'பிள்ளைகளுக்கு எதற்கு இந்த வேலை, படிக்கட்டும்' என்போம்.

தலைமையாசிரியர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியின் மின் கட்டண ரசீது, தண்ணீர்த் தொட்டி வால்வு, சத்துணவுக் கூடத்தில் மிஞ்சும் சோறு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றை வரும் பருவத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிடுங்கள். முதல் பெஞ்சுப் பிள்ளைகளிடம் மட்டும் வேண்டாம். மதிப்பெண் வேண்டாம், போட்டி வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். ஒரு கோடு போட்ட நோட்டு போதும். மாதம் ஒருமுறை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அந்தக் கணக்கை அவர்களே வாசிக்கட்டும்.